இரண்டாம் வரிசையில் ஒரு நாற்காலி

மார்ச் 3

அப்பாவுக்கு,

நேற்று போனில் நான் "சரிப்பா" என்று சொன்னதை இந்தக் கடிதத்தில் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் குரல் கேட்டால் என் வாயில் வருவது அந்த ஒரு சொல்தான். காலேஜில் எந்தப் பாடம் எடுப்பது என்றபோதும் சரிப்பா, இந்த ஊருக்கு வேலைக்குப் போ என்றபோதும் சரிப்பா. அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது நீங்கள் நடுவில் இருமி என்னை நிறுத்த முடியாது. கடை விலாசத்துக்கு அனுப்பாமல் வீட்டுக்கு அனுப்புகிறேன். கடைக்கு வந்தால் உங்கள் முதலாளி பிரித்துப் படித்துவிட்டு வாடகை நாற்காலிகளுக்கெல்லாம் சேதி சொல்லிவிடுவார்.

நம் ஊர்க் கிளையில் ஓர் இடம் காலியாகிறது, மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிடு என்றீர்கள். மாதக் கடைசிக்குள் ஆம் அல்லது இல்லை என்று சொல்லும்படி எங்கள் மேலாளரும் சொல்லியிருக்கிறார். எனக்கு வேண்டாம் அப்பா. நான் இங்கேயே இருக்கிறேன்.

ஏன் என்று கேட்பீர்கள். வேலைக்காக இல்லை. எந்த வண்டி எதில் மோதியது என்று இன்சூரன்ஸ் மனுக்களைப் படித்துக் கணினியில் ஏற்றும் வேலை எந்த ஊரிலும் அதேதான். விடுதிக்காகவும் இல்லை. மூன்று கட்டில், ஒரு ஜன்னல், ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் குழாய்கள்.

விடுமுறை நாட்களுக்காக.

இங்கே அருங்காட்சியகத்தில் மாதத்தின் முதல் ஞாயிறு யாரும் கட்டணம் கட்ட வேண்டாம். என் அறையில் இருக்கும் நர்ஸ்தான் முதலில் இழுத்துப்போனாள். "வாடி, ஏசி ஓடும், தூங்கலாம்" என்றாள். அவள் உண்மையாகவே ஒரு பெஞ்சில் தூங்கினாள். நான் மாடியில் ஒரு ஓவியத்துக்கு முன்னால் மாட்டிக்கொண்டேன். ஒரு பெண், முழங்கை வரை சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். கை ஈரமாக இருக்கிறது. பெருக்கி முடித்து விளக்குமாற்றைப் போட்டுவிட்டு "இன்னும் என்ன?" என்று அம்மா பார்ப்பாளே, அதே பார்வை. அப்படிப்பட்ட ஒருத்தியை யாரோ நாள்கணக்கில் உட்காரவைத்துப் பார்த்திருக்கிறார்கள். காவலாளி மணி அடிக்கும்வரை நின்றேன்.

அதன் பிறகு விடவில்லை. சனிக்கிழமை காலையில் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் பழைய கட்டடங்களைச் சுற்றிக் காட்டுகிறார், கூட நடந்தால் போதும். நாடக அரங்கில் தூணுக்குப் பின்னால் இருக்கும் இடங்களை அரை விலைக்கும் குறைவாகத் தருகிறார்கள். பாதி நாடகம் தெரியும், மீதியை நானும் நர்ஸும் திரும்பி வரும்போது பஸ்ஸில் இட்டுக்கட்டிக்கொள்வோம். பூங்காவை ஒட்டிய இசை அரங்கில் சனிக்கிழமை மாலை ஒத்திகை. கதவு திறந்திருக்கும், யாரும் போகலாம்.

இதற்காகத்தான். சிரிப்பீர்கள் என்று தெரியும். சிரித்துவிட்டு எழுதுங்கள்.

உங்கள் மகள்


மார்ச் 9

பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

இங்கு அனைவரும் நலம், உன் கடிதம் வந்து சேரும்வரை.

ஊமை ஊரைக் கெடுக்கும் என்று உன் அத்தை சொன்னபோதெல்லாம் அவளோடு சண்டைக்குப் போனவன் நான். இப்போது அவள் முகத்தில் எப்படி விழிப்பது? காதல் கத்திரிக்காய் என்று எழுதியிருந்தால்கூட ஒரு மூச்சு கோபப்பட்டு முடித்திருப்பேன். படம் பார்ப்பதற்காக மாற்றல் வேண்டாம் என்கிறாய். இதற்கு எப்படிக் கோபப்படுவது என்றே எனக்குத் தெரியவில்லை.

உன் அம்மா ஜன்னலோரம் இருந்த தையல் மெஷினை அடுப்படிக்கு நகர்த்திவிட்டாள், உன் கட்டில் போட. கிளை பஸ் நிலையத்துக்கு எதிரில். வீட்டிலிருந்து இரண்டு ஸ்டாப். மதியம் வந்து சூடாகச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். இதைவிட ஒரு பெண்ணுக்கு என்ன வேண்டும்? நம் வம்சத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து சம்பளம் வாங்குகிற முதல் ஆள் நீ. அதைப் பக்கத்திலிருந்து பார்க்க எனக்கு ஆசை இருக்காதா?

இன்னொன்று. உன் கடிதம் முழுக்க ஓசி, ஓசி, ஓசி. சும்மா கிடைத்தால் எனக்கொன்று எங்கப்பனுக்கொன்று என்று அலைகிற கூட்டத்தில் என் பெண்ணும் வரிசையில் நிற்கிறாளா? என்னைக் குத்தியது அதுதான். யார் வீட்டு விசேஷமாக இருந்தாலும் கடைசி நாற்காலியை மடக்கி வண்டியில் ஏற்றிய பிறகுதான் நான் கை நனைப்பேன். யாராவது சும்மா ஒரு டீ கொடுத்தால் அந்த டம்ளரையாவது கழுவி வைத்துவிட்டு வருவேன். நான் போட்ட நாற்காலியில் நான் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. போட்டவன் உட்கார்ந்துவிட்டால் வந்தவன் எங்கே உட்காருவான்? இது உனக்குச் சின்ன வயதிலேயே சொன்னதுதான்.

படம் பார்க்கவா படிக்க வைத்தேன்? மாதக் கடைசிக்குள் ஆம் என்று சொல்லிவிடு. அம்மா உன் துணிகளை எத்தனை பெட்டியில் கட்டுவாய் என்று கேட்கிறாள்.

அப்பா


மார்ச் 14

அப்பாவுக்கு,

ஆமாம், படம் பார்க்கத்தான் படிக்க வைத்தீர்கள். உங்களுக்குத் தெரியாமல் அப்படி ஆகிவிட்டது. படிக்காமல் இருந்திருந்தால் அந்தக் கட்டடத்தின் படியேற எனக்குத் தைரியம் வந்திருக்காது. படித்திருந்தும், நர்ஸ் இழுத்துப்போகும்முன் தனியாக வந்து வாசலிலிருந்து இரண்டு தடவை திரும்பிப் போனேன். உள்ளே போகிறவர்கள் எல்லாரும் யாருக்கோ சொந்தக்காரர்கள் போல நடந்தார்கள்.

ஓசி என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் சொல் என்னையும் குத்தியது. அருங்காட்சியகம் யார் வீட்டுச் சொத்தும் இல்லை அப்பா. எல்லார் வரியிலும் நடக்கிறது. நீங்கள் வாங்கும் சோப்பில் வரி, தீப்பெட்டியில் வரி, அம்மாவின் தையல் நூலில் வரி. அந்தச் சுவரில் உங்கள் செங்கல் ஒன்று நிச்சயம் இருக்கும். உங்கள் செங்கல்லைப் பார்க்கத்தான் போகிறேன். நீங்கள் ஓசி என்கிறீர்கள்.

நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை என்பதையும் சொல்கிறேன். இசை அரங்கில் முதல் நாள் முழு ஒத்திகையும் நின்றுகொண்டே கேட்டேன். பாதி நாற்காலி காலியாகக் கிடந்தது. காசு கொடுக்காதவர்கள் நிற்க வேண்டும் என்று நினைத்தேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் நினைத்தேன். இடைவேளையில் நர்ஸ் வந்து, "ஏண்டி, கால் வலிக்கலயா? இங்க யாருமே காசு குடுக்கல" என்று காட்டினாள். உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சும்மா வந்தவர்கள்தான். நல்ல சட்டை, நல்ல செருப்பு. ஒருத்தர் காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தார். அவர்களில் ஒருவருக்கும் ஓசி என்று கூசவில்லை. நமக்கு மட்டும் ஏன் கூசுகிறது?

ஆனாலும் என்னால் உட்கார முடியவில்லை. அடுத்த வாரம் சீக்கிரம் போனேன். அங்கே நாற்காலிகளை வரிசையாகவா போட்டிருந்தார்கள்? மழையில் ஒதுங்கிய ஆடுகள் மாதிரி நின்றன. கை சும்மா இருக்கவில்லை. நேராக்கினேன். அங்கே பெருக்கும் அக்கா, "புதுசா சேர்ந்திருக்கியாம்மா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை, சிரித்துவைத்தேன். அதிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் முன்னதாகப் போய் வரிசை போடுகிறேன். ஸ்டோர் ரூம் எங்கே என்றுகூடத் தெரியும். போட்டு முடித்துச் சுவரோரம் நின்று கேட்பேன். நர்ஸ் தலையில் அடித்துக்கொள்கிறாள். "கேக்க வந்தியா, கூலிக்கு வந்தியா?" என்கிறாள்.

ஆக, நான் ஓசியில் எதுவும் கேட்கவில்லை. உழைத்துவிட்டுத்தான் கேட்கிறேன். இப்போதாவது சம்மதிப்பீர்களா?

பெட்டி எதுவும் கட்டப்போவதில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

உங்கள் மகள்


மார்ச் 18

பாப்பாவுக்கு,

கடிதத்தை உன் அம்மாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். நாற்காலி போட்ட இடம் வந்ததும் "இவ உங்க மகதான்" என்றாள். பாராட்டா திட்டா என்று கேட்கவில்லை.

நீ செய்தது சரி. அப்படித்தான் இருக்க வேண்டும். நம்மை யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது. வரிசை போடும்போது சுவரை நம்பாதே, சுவர் எல்லாம் கோணல். மேடையின் விளிம்பைப் பார்த்து முதல் வரிசையைப் போடு, மற்றது எல்லாம் அதன் பின்னால் வரும். ஓரத்து நாற்காலியைக் கொஞ்சம் மேடைப் பக்கம் திருப்பி வை. உட்காருகிறவர் கழுத்து வலிக்காது. முடித்ததும் ஓரமாக நின்றுகொள். யார் கேட்டாலும் எடுத்துக்கொடு.

செங்கல் சமாசாரத்தைக் கடையில் சொன்னேன். முதலாளி, "உன் செங்கல் எதுன்னு அடையாளம் தெரிஞ்சா பேத்து எடுத்துட்டு வா, கடைக்கு முட்டுக் குடுக்கலாம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு ஏன் சிரித்தேன் என்று இருந்தது.

அது வேறு. மாற்றல் வேறு. உழைத்துவிட்டுக் கேட்டாலும் நீ இருக்கிற தூரம் குறையாது. இங்கே உள்ள கிளை மேலாளரை நேற்று பஸ் நிலையத்தில் பார்த்தேன். வணக்கம் வைத்து, என் பெண் ஒன்றாம் தேதி முதல் வந்துவிடுவாள் என்று சொல்லிவிட்டேன். என் வாக்கைக் காப்பாற்று.

அப்பா


மார்ச் 25

அப்பாவுக்கு,

இரண்டு விஷயம். சின்னதை முதலில் சொல்கிறேன். இன்று காலை எங்கள் மேலாளரிடம் மாற்றல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வாயால் சொன்னேன், கையெழுத்தும் போட்டுவிட்டேன். என்னைக் கேட்காமல் நீங்கள் கொடுத்த வாக்கை நான் காப்பாற்ற முடியாது. நீங்கள் கொடுத்தது, நீங்களே அவரிடம் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

பெரியது, சனிக்கிழமை நடந்தது.

அன்று விடுமுறையிலும் ஆபீஸுக்கு வரச் சொல்லிவிட்டார்கள், வேலை இழுத்துவிட்டது. அரங்குக்குப் போய்ச் சேரும்போது வாத்தியங்களைச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். கூட்டம் நிறைய. நான் ஒரு நாற்காலியும் போடவில்லை. இரண்டாம் வரிசையில் நர்ஸ் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருந்தாள். "வந்து தொலை" என்று கையைப் பிடித்து இழுத்தாள். உட்கார்ந்துவிட்டேன். அந்த அரங்கில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. வயலின்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு வாசிக்கிறார் என்பது அங்கிருந்துதான் தெரிந்தது.

நிகழ்ச்சிப் பொறுப்பாளர் என்று ஒருவர் உண்டு. காதில் ஒயர், கையில் பேசும் கருவி. அவர் வரிசைக்குள் குனிந்து என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, நீ இங்க உக்காந்துட்டியா? ஸ்டோர்லருந்து நாலு சேர் கொண்டா. நன்கொடை குடுக்கறவங்க நின்னுட்டிருக்காங்க."

நான் பாதி எழுந்துவிட்டேன். முழங்கால் உங்களுடையது அப்பா, யார் கூப்பிட்டாலும் எழுந்துவிடும். ஊசி போடும்முன் நோயாளியைப் பிடிப்பது போல நர்ஸ் என் மணிக்கட்டை அழுத்தினாள். திரும்ப உட்கார்ந்தேன்.

"நான் கேக்க வந்திருக்கேன் சார்" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது. "நான் இங்க வேலை பாக்கல. கேக்க வந்திருக்கேன்."

"போன வாரம் நீதானே சேர் போட்ட? என் கண்ணால பாத்தேனே."

"போட்டேன்."

"அப்புறம் என்ன?"

"இப்ப உக்காந்திருக்கேன்."

முன் வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். பொறுப்பாளர் குரலைக் கொஞ்சம் இறக்கினார். "சரிம்மா, கோவிச்சுக்காத. அந்த சேரையாவது குடு. நீ எப்பவும் சுவரோரம் நின்னுதானே கேப்ப?"

அவர் கெட்ட மனிதர் இல்லை அப்பா. அவர் பார்த்ததைத்தான் சொன்னார். வாரா வாரம் நானே அவருக்கு அப்படிக் காட்டியிருக்கிறேன். சுவரோரம் நிற்கிறவள் சுவரோரத்துக்கு உரியவள் என்று அவர் நினைத்ததில் என்ன தப்பு?

"எந்திரிக்க மாட்டேன்" என்றேன்.

என் வாழ்க்கையில் யாரிடமும் சொல்லாத சொல். சொன்ன பிறகு இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். வயலின்காரர் வில்லைத் தூக்கியபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மொத்த அரங்கும் பார்த்தது. நர்ஸ்தான், "சார், ஸ்டோர் ரூம் எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா? இடதுகைப் பக்கம், ரெண்டாவது கதவு" என்றாள். எங்கேயோ யாரோ சிரித்தார்கள். அவர் போனார். அவரே நாற்காலிகளைக் கொண்டுவந்தார், அவரே போட்டார். கோணலாகப் போட்டார்.

நான் எழுந்து நேராக்கவில்லை. அதுதான் மற்ற எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

ஒத்திகையின் முதல் பாதி என் காதில் ஏறவே இல்லை. இரண்டாம் பாதி கேட்டேன். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். தப்பு வந்தால் நிறுத்தி, சிரித்து, மறுபடி தொடங்கினார்கள். அவ்வளவு பெரிய ஆட்கள் எங்கள் முன்னால் கூச்சமில்லாமல் தப்புச் செய்தார்கள். நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கவா கூசுவேன்?

இனி நாற்காலி போட மாட்டேன். உட்காருவதற்கு முன்னால் கொடுக்க வேண்டிய விலை எதுவும் இல்லை. போட்டவன் உட்கார்ந்தால் வந்தவன் எங்கே உட்காருவான் என்று கேட்டீர்கள். பக்கத்து நாற்காலியில் உட்காரட்டும். நீங்கள் எனக்கு நிறைய நல்லது சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள். இது மட்டும் தப்பு. சனிக்கிழமை நான் எழுந்திருக்காமல் மறுத்தது அவரை மட்டும் இல்லை, உங்களையும்தான்.

வருகிற மாதம் இரண்டாம் சனிக்கிழமை முழுக் கச்சேரி, அதுவும் இலவசம். எனக்கொன்று எங்கப்பனுக்கொன்று என்றீர்களே. சரி, இரண்டு நாற்காலி பிடித்து வைக்கிறேன். வாருங்கள். வராவிட்டால் உங்கள் நாற்காலியில் என் பை உட்கார்ந்து கேட்கும். யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

உங்கள் மகள்


ஏப்ரல் 7

பாப்பாவுக்கு,

நீ போன் செய்தபோதெல்லாம் நான் வீட்டில் இல்லை என்று உன் அம்மா சொன்னது பொய். பக்கத்தில்தான் இருந்தேன். பேசினால் நீ சரிப்பா என்று சொல்லிவிடுவாயோ என்று இருந்தது. சொல்லாமல் போய்விடுவாயோ என்றும் இருந்தது.

கோபம் தீரவில்லை. கிளை மேலாளரைப் பார்த்தால் இப்போது எதிர்ப்பக்கம் நடக்கிறேன். ஒரு நாள் பஸ்ஸுக்குள்ளேயே மாட்டிக்கொண்டேன். "என்னங்க, பொண்ணு எப்ப வருது?" என்றார். "அது வரலைங்க. அதுக்கு அங்க வேலை இருக்கு" என்றேன். "இங்கயும் அதே வேலைதானே?" என்றார். "இல்லைங்க, வேற வேலை" என்று சொல்லிவிட்டு ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கிவிட்டேன்.

அந்த ஒயர்க்காரனை நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. என் பெண்ணை எழுந்திரு என்று சொல்ல அவன் யார் என்று ராத்திரி உன் அம்மாவிடம் குதித்தேன். அவள் தைத்துக்கொண்டே, "நீங்கதானே ஓரமா நில்லுன்னு எழுதினீங்க?" என்றாள். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

போன வாரம் இங்கே புது நூலகத் திறப்பு விழா. நாற்காலி நம் கடைதான். நேராகப் போட்டோம். கூட்டம் பாதிகூட வரவில்லை. பேச்சு தொடங்கியதும் நான் வழக்கம் போல வண்டிப் பக்கம் போனேன். போகிற வழியில் கடைசி வரிசைக்கு முந்தின வரிசையில் உட்கார்ந்துவிட்டேன். ஏன் என்று கேட்காதே. முதலாளி பார்த்துவிட்டு வேகமாக வந்தார்.

"என்னய்யா, தலைமை தாங்க வந்தவன் மாதிரி உக்காந்திருக்க?"

"சேர் உறுதியா இருக்கான்னு பாக்கறேன் முதலாளி."

"எவ்ளோ நேரம்யா பாப்ப?"

"கூட்டம் முடியற வரைக்கும்."

வண்டியில் வேலை கிடக்கிறது என்றார், நாளைக்கு வேலைக்கு வரப்போகிறாயா இல்லையா என்றார். வருவேன் என்றேன், ஆனால் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அவருக்கும் கால் வலித்திருக்கும், பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். பேச்சு சுமார்தான். ஆனால் நாற்காலி நன்றாக இருந்தது. இத்தனை வருஷம் தோளில் சுமந்திருக்கிறேன், அது முதுகை இப்படித் தாங்கும் என்று எனக்குத் தெரியாது.

உன் அம்மா தையல் மெஷினை மறுபடியும் ஜன்னலோரத்துக்குக் கொண்டுவந்துவிட்டாள். வெளிச்சம் அங்கேதான் நன்றாக இருக்கிறதாம். அவள் ஒன்று சொல்லச் சொன்னாள். அருங்காட்சியகத்தில் அவளைப் போல ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாளாமே, அவளை நேரில் பார்க்க வேண்டுமாம். அப்படி என்ன பெரிய வேலை முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று கேட்க வேண்டுமாம்.

ஆகவே இரண்டு போதாது, மூன்று நாற்காலி பிடி. தூணுக்குப் பின்னால் வேண்டாம், நடுவில் பிடி. சனிக்கிழமை காலை வண்டிக்கு வருகிறோம். மாற்றல் விஷயத்தில் உன்னைத் திட்ட வேண்டியது பாக்கி இருக்கிறது, அதை நேரில் திட்டுகிறேன். வாசிக்கிறவர்கள் வில்லைத் தூக்கிவிட்டால் நிறுத்திவிடுவேன்.

ஒரே ஒரு கவலைதான். அங்கே வரிசை கோணலாக இருந்தால் என் கை சும்மா இருக்காது. நீ என்னை விடாதே. உன் நர்ஸ் உன்னைப் பிடித்த மாதிரி மணிக்கட்டைப் பிடித்துக்கொள். நான் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

அப்பா